ஞாயிறன்று பூங்காவாகும் கோல்ஃப் திடல்: செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ் பற்றி ஓர் ஐயம்

ஊர்சுற்றி

அன்பர்களுக்கு வணக்கம். சென்ற மாதம் எடின்பரோவில் இருக்கும் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் மருமகனும் என்னைச் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊருக்கு அழைத்துச் சென்றார்கள். கோல்ஃப் ஆட்டத்தின் தாய்வீடு என்று சொல்லப்படும் ஓல்டு கோர்ஸை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தே பார்த்தேன். ஞாயிறன்று அங்கே ஆட்டம் கிடையாது. அன்றைக்கு அது ஊர்ப் பூங்கா. வாயிற்காவலர் இல்லை, அனுமதிச் சீட்டு இல்லை. நாயை அவிழ்த்துவிட்டவர்களும் குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளியவர்களும் பதினெட்டாம் குழியின் புல்வெளியைக் குறுக்காகக் கடந்து கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நான் பதினைந்து ஆண்டுகளாக ஏதோ ஆடிக்கொண்டிருப்பவன். ஆகவே கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எனக்கு அங்கே எதுவும் தென்படவில்லை. ஆட்டத்தில் குறுக்கிடும் மரம் இல்லை, ஏரி இல்லை, மேடு பள்ளங்களைத் தவிர வேறு காட்சி இல்லை. ஃபேர்வே என்னும் வெட்டிய புல்பாதைகளில் முதலாவதும் கடைசியும் ஒட்டிக் கிடந்து ஒரே வெட்டவெளியாகத் தெரிகின்றன. கண்ணைக் கட்டிக்கொண்டு அடித்தாலும் பந்து அதற்குள்தான் விழும் போலிருக்கிறது. இந்தப் புகழ் வயதினால் வந்ததா, அல்லது வடிவமைப்பில் உண்மையாகவே ஏதேனும் இருக்கிறதா? அங்கே ஆடியவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாவேன்.

நெய்தல்

உங்கள் ஏமாற்றத்துக்குப் பெரிய இடத்துத் துணை இருக்கிறது, ஐயா. 1946ஆம் ஆண்டு ஓபன் என்னும் பிரிட்டனின் பெரும் போட்டிக்காக ரயிலில் வந்த அமெரிக்க ஆட்டக்காரர் சாம் ஸ்னீட், ஜன்னல் வழியே இதைப் பார்த்துவிட்டு, கைவிடப்பட்ட பழைய கோல்ஃப் திடல் போலிருக்கிறதே என்றாராம். அந்த ஆண்டு கோப்பையை வென்றவரும் அவரே. பாபி ஜோன்ஸ் 1921இல் இங்கே முதன்முறை ஓபன் ஆடியபோது, மூன்றாம் சுற்றில் பதினோராம் குழியின் பங்கர் என்னும் மணற்பள்ளத்துக்குள் சிக்கிச் சினந்து, அந்தக் குழியையே முடிக்காமல் விட்டார். அவரே 1927இல் இதே திடலில் ஓபனையும் 1930இல் அமெச்சூர் பட்டத்தையும் வென்றார். 1958இல் ஊரார் அவருக்கு நகரின் கௌரவக் குடியுரிமை அளித்தார்கள். அவருக்கு முன் அந்தச் சிறப்பைப் பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒருவர்தான். முதல் பார்வையில் பிடிக்காமல் போவதும் பிறகு விடமுடியாமல் போவதும் இந்தத் திடலின் வழக்கம் என்று சொல்லலாம்.

நான் ஆற்றின் மறுகரையில், டண்டியில் வசிக்கிறேன். எட்டு முறை அங்கே ஆடியிருக்கிறேன். உங்கள் கேள்விக்கு என் விடை, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கண்ட காட்சியிலேயே இருக்கிறது. நாயும் குழந்தை வண்டியும் கடற்கரைக்குப் போகும் குறுக்குப் பாதையும் இந்தத் திடலின் மேல் பின்னால் ஒட்டிக்கொண்ட சலுகைகள் அல்ல. அவைதாம் இதை வடிவமைத்தன.

லிங்க்ஸ் என்பது கடற்கரைக்கும் விளைநிலத்துக்கும் இடையே கிடக்கும் மணற்பாங்கான மேட்டுப் புல்வெளி. உழவுக்கு ஆகாது, ஆடு மேய்க்கலாம், முயல் பிடிக்கலாம், துணி உலர்த்தலாம். நம் திணைக் கணக்கில் நெய்தலுக்குள் புகுந்த ஒரு துண்டு முல்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அந்த நிலத்தின் நடுவே, மஞ்சள் பூக்கும் முட்புதர்களுக்கு இடையில், ஒரே ஒரு ஒடுங்கிய பாதையில் மக்கள் பந்தை அடித்துக்கொண்டு போய், அதே பாதையில் திரும்பி வந்தார்கள். போகும்போது எந்தக் குழியில் பந்தைப் போட்டார்களோ, வரும்போதும் அதே குழிதான். குழி என்ற சொல் பந்து விழும் துளையை மட்டுமன்று, அதுவரை ஆடும் பாதையையும் குறிக்கும். 1764க்கு முன்பு ஒரு சுற்று 22 குழிகளாக இருந்தது. அந்த ஆண்டு, தொடக்கத்தில் இருந்த நான்கு குட்டைக் குழிகளை இரண்டாக்கினார்கள். போக்கும் வரத்துமாகச் சேர்ந்து அது 18 ஆயிற்று. உலகம் முழுவதும் ஒரு சுற்றுக்கு 18 குழிகள் என்று இன்று நாம் எண்ணுவது அந்த ஒரு முடிவின் நிழலில்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆட்டக்காரர்கள் பெருகியபோது, போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே குழிக்காக மோதிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதனால் முட்புதர்களை வெட்டி, கிரீனை, அதாவது துளையைச் சுற்றிய மழித்த புல்தரையை, அகலப்படுத்தி ஒவ்வொன்றிலும் இரண்டு குழிகள் வெட்டினார்கள். போகும் குழிக்கு வெள்ளைக் கொடி, வரும் குழிக்குச் சிவப்புக் கொடி. இன்று 1, 9, 17, 18 ஆகிய நான்கைத் தவிர மற்ற எல்லாம் இரட்டைக் கிரீன்களே. இரண்டாவது பதினாறாவதோடும், மூன்றாவது பதினைந்தாவதோடும், இப்படியே எட்டாவது பத்தாவதோடும் சேர்ந்திருக்கும். எந்த இணையைக் கூட்டினாலும் 18 வரும். ஐந்தாவதும் பதின்மூன்றாவதும் பகிர்ந்துகொள்ளும் கிரீன் மட்டும் முக்கால் ஏக்கருக்கும் மேல். தவறான பக்கத்தில் பந்து நின்றுவிட்டால் நூறு கெஜம் உருட்ட நேரிடும்.

கணக்கர்

நெய்தல் அவர்கள் அழகாக எழுதியிருக்கிறார். ஆனால் அவர் எழுதியதே என் ஐயத்துக்குச் சான்றாகிறது. இடநெருக்கடியினால் கிரீனை இரண்டாக்கினார்கள், மோதலைத் தவிர்க்கப் புதர்களை வெட்டி அகலப்படுத்தினார்கள் என்றால், இங்கே நிகழ்ந்தது வடிவமைப்பு அன்று, தொடர்ச்சியான ஒட்டுவேலை. பங்கர்களின் கதையும் அப்படித்தான். கடற்காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் உரசி உரசித் தேய்த்த குழிகள் என்பார்கள். ஊரார் கிளிஞ்சல் அள்ளத் தோண்டிய பள்ளங்கள் என்பார்கள். 112 பங்கர்களில் பல, ஆட்டக்காரரின் கண்ணுக்கே தெரியாத இடங்களில் கிடக்கின்றன. ஒரு புதிய திடலில் யாராவது இப்படிச் செய்தால் அவருக்கு அடுத்த வேலை கிடைக்காது. பழமைக்கு மட்டும் நாம் ஏன் வேறு தராசு பிடிக்க வேண்டும்?

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் இரண்டே இரண்டு பார்-3 குழிகள் (மூன்று அடியில் முடிக்க வேண்டியவை), இரண்டே இரண்டு பார்-5 குழிகள். மற்றப் பதினான்கும் பார்-4. மாணவர் ஒருவர் இந்த வரைபடத்தைத் தேர்வுத்தாளில் வரைந்து கொடுத்தால் எந்த ஆசிரியரும் மதிப்பெண் போடமாட்டார்.

மேற்குக்காற்று

ஆசிரியர் மதிப்பெண் போடாமல் இருக்கலாம். ஆனால் அந்த ஆசிரியர்கள் படித்த பாடமே இதுதான், நண்பரே. திடல் வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கன்சி 1924இல் இந்தத் திடலை அளந்து வரைந்த வரைபடம் புகழ்பெற்றது. அவரும் பாபி ஜோன்ஸும் சேர்ந்து அமெரிக்காவின் அகஸ்டா திடலை அமைத்தபோது அவர்கள் மனத்தில் இருந்த முன்மாதிரி இந்தத் திடல். சார்லஸ் பிளேர் மெக்டொனால்ட் இதன் பதினோராம், பதினேழாம் குழிகளை நியூயார்க்கில் தாம் அமைத்த நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸில் தம் மனம்போல மறுபடைப்புச் செய்தார். அங்கிருந்து அவை எத்தனையோ திடல்களுக்குப் பரவின.

தற்செயலா வடிவமைப்பா என்ற கேள்வியில் நான் நெய்தல் அவர்கள் பக்கம் முழுமையாக நிற்கவில்லை. நிலம் கொடுத்தது தற்செயல்தான். ஆனால் அதில் எதை வைத்துக்கொள்வது, எதை நிரப்புவது, எதை அகற்றுவது என்று முடிவெடுத்தவர்கள் இருந்தார்கள். ஆலன் ராபர்ட்சன் அவர்களில் ஒருவர். அவருக்குப் பின் வந்த ஓல்டு டாம் மோரிஸ் 1860களின் நடுவிலிருந்து 1903 வரை திடலின் பராமரிப்பாளராக இருந்து, முதல் கிரீனையும் பதினெட்டாம் கிரீனையும் புதிதாக அமைத்தார். மணல் தூவித் தூவிப் புல்லைக் காப்பாற்றினார். ஆடு உண்டாக்கிய பள்ளத்தை நிரப்பாமல் விடுவதும், அதன் சுவர் சரியாதபடி புல்கட்டிகளை அடுக்கிச் செங்குத்தாக நிறுத்துவதும் முடிவுகள்தாம்.

ஊர்சுற்றி அவர்களின் கேள்விக்கு வருகிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டு அடித்தாலும் பந்து உள்ளேதான் விழும் என்றீர்கள். உண்மை. முதலும் பதினெட்டும் சேர்ந்து 129 கெஜம் அகலம். கிரேனி கிளார்க்ஸ் வைண்ட் என்ற பொதுச் சாலை ஒன்று இரண்டையும் குறுக்கே வெட்டிச் செல்கிறது. ஆனால் பந்து எங்காவது விழுவது வேறு, அடுத்த அடிக்கு உகந்த இடத்தில் விழுவது வேறு. பெரும்பாலான திடல்களில் ஃபேர்வேயின் நடுக்கோடுதான் நல்ல வழி, ஓரங்கள் தண்டனை. இங்கே நடுக்கோடு என்று ஒன்று இல்லை. கொடி கிரீனில் எந்தப் பக்கம் நிற்கிறது, காற்று கடலிலிருந்து வருகிறதா ஈடன் முகத்துவாரத்திலிருந்து வருகிறதா என்பதைப் பொறுத்து நல்ல வழி நாளுக்கு நாள் இடம் மாறும். அகலம் இங்கே தாராளம் அன்று. அது ஒரு கேள்வித்தாள்.

பதினான்காம் குழியைப் பாருங்கள். போட்டி நாட்களில் 618 கெஜம். வலப்பக்கம் மதில், அதைத் தாண்டினால் எல்லைக்கு வெளியே. மதிலுக்கு அருகே எலிசியன் ஃபீல்ட்ஸ் என்று பெயர் பெற்ற நல்ல சமதளம். அதற்கு இடப்புறம் பியர்டீஸ் என்ற பங்கர் கூட்டம். அதற்கப்பால் இரண்டாம் அடியின் பாதையில் ஹெல், அதாவது நரகம், என்றே பெயரிடப்பட்ட பள்ளம். துணிவு உள்ளவர் மதிலை ஒட்டி அடிப்பார். இல்லாதவர் இடப்புறமாக விலகி, எதிரே வருகிறவர்களின் ஐந்தாம் ஃபேர்வேக்குப் போய்ச் சுற்றிவருவார். மெக்கன்சி இந்த ஒரு குழிக்கே பல வழிகள் வரைந்து காட்டினார். 1995இல் ஜாக் நிக்லஸ் அந்த நரகத்திலிருந்து வெளியேற நான்கு அடிகள் எடுத்து, குழியைப் பத்தில் முடித்தார். இந்தத் திடலில் அதற்கு முன்பு இரண்டு முறை ஓபன் வென்றவர் அவர்.

ஐந்தாம் ஃபேர்வேக்குப் போகலாம் என்பதைக் கவனியுங்கள். இரண்டு குழிகளுக்கும் இடையே வேலி இல்லை, மரவரிசை இல்லை. பொது நிலத்தில் யார் வேலி போடுவது? இந்த அளவில் நெய்தல் அவர்கள் சொல்வது சரி.

ஊர்சுற்றி

இருவருக்கும் நன்றி. பதினான்காம் குழியின் ஓரமாக நடந்தபோது ஒரு பெரிய மணற்பள்ளத்தில் சிறுவர்கள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். அதுதான் ஹெல் என்று இப்போதுதான் தெரிகிறது. பதினேழாம் குழியைப் பற்றியும் யாரேனும் எழுத வேண்டும். அங்கே ஒரு விடுதியின் பக்கவாட்டில் கொட்டகை போன்ற ஒன்று ஆட்டத்துக்கு நடுவே நிற்கிறது. என் மருமகன் அதன் மேலே பந்து அடிக்க வேண்டும் என்று சொன்னபோது கேலி செய்கிறார் என்றே நினைத்தேன்.

மேற்குக்காற்று

கேலி அன்று. முன்பு அந்த இடத்தில் ரயில் நிலையத்தின் நிலக்கரிக் கொட்டகைகள் இருந்தன. டீயிலிருந்து, அதாவது முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து, அவற்றின் மேலாக, கண்ணுக்குத் தெரியாத ஃபேர்வேயை நோக்கி அடிப்பதே வழி. ரயில்பாதை 1969இல் மூடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே விடுதி திறந்துவிட்டது. கொட்டகைகள் போன பிறகும் குழியின் குணம் மாறக் கூடாது என்று அதே வடிவத்தில் ஓர் அமைப்பை நிறுத்தியிருக்கிறார்கள். நிலக்கரிக்கு நினைவுச்சின்னம் எழுப்பிய ஒரே ஆட்டம் கோல்ஃப்தான் போலும்.

ரோட் ஹோல் என்ற இந்தக் குழி 495 கெஜ நீளம், பார்-4. கொட்டகையை எவ்வளவு துணிந்து வலப்புறமாகக் கடக்கிறோமோ அவ்வளவுக்குக் கிரீன் திறந்துகொடுக்கும். பயந்து இடப்புறம் போனால், கிரீனின் முன்வயிற்றில் குடைந்தாற்போல் இருக்கும் ரோட் பங்கர் எதிரே நிற்கும். கிரீன் ஒடுக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு சாலை, சாலைக்குப் பின்னால் கல்மதில். இரண்டும் ஆட்டத்துக்கு உட்பட்டவை. சாலையில் பந்து நின்றால் சாலையிலிருந்தே அடிக்க வேண்டும், சலுகை இல்லை. 1978இல் ஜப்பானின் நாகாஜிமா இரண்டே அடியில் கிரீனை அடைந்துவிட்டு, உருட்டிய பந்து சரிந்து பங்கருக்குள் இறங்க, மீண்டு வருவதற்குள் ஒன்பதாகிவிட்டது. 1984இல் டாம் வாட்சனின் பந்து மதிலடியில் போய் ஒட்டியது. அன்று பயஸ்டெரோஸ் வென்றார். 2022இல் கேமரன் ஸ்மித் கடைசிச் சுற்றில் இதே பங்கருக்கு முன்னால் நின்றபோது பந்தைத் தூக்கி அடிக்கவே இல்லை. உருட்டும் மட்டையான பட்டரை எடுத்துப் பங்கரின் ஓரத்தைச் சுற்றி வளைத்து உருட்டி, பார் எடுத்து, கோப்பையையும் எடுத்துச் சென்றார். கட்டாந்தரை போன்ற அந்தப் புல்லில்தான் அப்படி ஓர் அடி முடியும். நீர் பாய்ச்சிக் கொழுத்த புல்லில் அந்தப் பந்து பாதிவழியில் நின்றிருக்கும்.

நிலவரி

நான் கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை. தமிழகத்தில் வருவாய்த்துறையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன். பொதுநிலம் என்ற சொல்லைக் கண்டதும் உள்ளே வந்தேன். இந்தத் திடலின் நிலவுரிமை வரலாற்றைப் படித்தபோது, மேய்ச்சல் புறம்போக்கு வழக்குக் கட்டு ஒன்றைப் புரட்டுவது போலவே இருந்தது.

1552இல் பேராயர் ஜான் ஹாமில்டனின் சாசனம் ஒன்று, அவர் அந்த நிலத்தில் முயல் வளர்த்துக்கொள்வதையும், ஊர்மக்கள் அங்கே கோல்ஃபும் கால்பந்தும் பிற விளையாட்டுகளும் ஆடுவதற்கும் கால்நடை மேய்ப்பதற்கும் உள்ள உரிமை தொடர்வதையும் ஒருசேரப் பதிவு செய்கிறது. அதாவது நிலம் யார் பெயரில் இருந்தாலும் அனுபவ உரிமை ஊராருக்கு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கடன் நெருக்கடியில் இருந்த நகரசபை நிலத்தைக் கைமாற்றிவிட்டது. வணிகத்துக்கு முயல் வளர்ப்பவர்கள் உள்ளே வந்தார்கள். முயல் வளை தோண்டினால் ஆட்டம் என்னாகும்? ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆட்டக்காரர்களுக்கும் முயல்காரர்களுக்கும் வழக்கும் கைகலப்புமாகக் கழிந்தன. 1821இல் பக்கத்து எஸ்டேட்டான ஸ்ட்ராத்டைரமின் உரிமையாளர் ஜேம்ஸ் சீப், தாமும் ஓர் ஆட்டக்காரர் என்பதால், நிலத்தை வாங்கிக் கோல்ஃபுக்குப் பாதுகாத்தார். பிறகு 1894இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் வழியே நகரம் அதைத் திரும்பப் பெற்றது. 1974இல் உள்ளாட்சி அமைப்புகள் மாற்றப்படவிருந்த வேளையில், நகரசபை மறைந்தாலும் நிலம் பொதுவிலேயே நிற்க வேண்டும் என்பதற்காக இன்னொரு சட்டத்தின் மூலம் செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸ் அறக்கட்டளை அமைக்கப்பட்டது. இன்று ஓல்டு கோர்ஸ் உட்பட ஏழு பொதுத் திடல்களை அது நடத்துகிறது.

பலருக்கு உள்ள ஒரு தவறான எண்ணத்தையும் திருத்த விரும்புகிறேன். முதல் டீக்குப் பின்னால் நிற்கும் அந்தக் கம்பீரமான கல்கட்டடம் ராயல் அண்டு ஏன்ஷியண்ட் கிளப்புடையது, 1854இல் கட்டியது. ஆனால் திடல் அவர்களுடையது அன்று. 2014 வரை பெண்களை உறுப்பினராக்காத அந்தக் கிளப்பின் வாசலுக்கு முன்னால், அதே ஊரின் பெண்கள் பொதுத் திடலில் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதை ஒரு பழைய அரசு ஊழியனாக நான் மிகவும் இரசித்தேன்.

இன்னொரு செய்தி. ஸ்வில்கன் ஓடைக்கரையில் ஊர்ப் பெண்கள் துணி வெளுத்துப் புல்லில் விரித்து உலர்த்துவது வழக்கம். பந்து துணிமேல் போய் நின்றால் துணியை உருவிக்கொள்ளலாம் என்று பழைய உள்ளூர் விதியே இருந்தது. சலவைக்காரப் பெண்ணை விரட்டு என்று விதி எழுதப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கணக்கர்

நிலவரி ஐயாவின் பதிவுக்குத் தலைவணங்குகிறேன். அந்தப் பொதுமையின் இன்றைய விலையையும் சொல்லிவிடுகிறேன். பருவகாலத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் ஒரு சுற்றுக்கு 300 பவுண்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். அதையும் கொடுத்துவிட்டு உடனே ஆட முடியாது. ஆட்டத்திறனின் அளவைக் காட்டும் ஹேண்டிகேப் சான்று காட்ட வேண்டும், குலுக்கலில் பெயர் விழ வேண்டும். பொது என்ற சொல்லைச் சட்டத்தில் எழுதிவைத்துவிட்டுக் கதவில் இந்த விலையைத் தொங்கவிட்டால், அது யாருக்குப் பொது?

ஆட்டத்தைப் பற்றியும் ஒன்று. இன்றைய மட்டைக்கும் பந்துக்கும் முன்னால் இந்தத் திடல் சுருங்கிவிட்டது. 2000இல் டைகர் உட்ஸ் நான்கு நாளும் ஒரு பங்கரில்கூட விழாமல் மொத்தம் 269 அடிகளில் முடித்தார். 2022இல் ஸ்மித் 268. ஒன்பது, பத்து, பன்னிரண்டு, பதினெட்டு ஆகிய பார்-4 குழிகளில் ஒரே அடியில் கிரீனைத் தொட முயல்கிறார்கள். நீங்கள் புகழும் கேள்வித்தாளுக்கு விடைகளை மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

நெய்தல்

விலையைப் பற்றிக் கணக்கர் சொல்வதை நான் மறுக்கவில்லை. எனக்கும் அது உறுத்துகிறது. ஆயினும் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊரில் குடியிருப்பவர்கள் ஆண்டுச் சீட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு, வெளியூர்க்காரரின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகைக்கு ஆண்டு முழுவதும் ஆடுகிறார்கள். தபால்காரரும் பல்கலைக்கழக மாணவரும் ஒரே வரிசையில் நிற்பதை நானே கண்டிருக்கிறேன். ஒருவகையில், நம் போன்றவர்கள் கொடுக்கும் பெருந்தொகையில்தான் அவர்களுடைய உரிமை பராமரிக்கப்படுகிறது. இரண்டாவது, குலுக்கல். ஆடும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு பெயர் கொடுத்தால் போதும். யார் சிபாரிசும் வேண்டாம். கோடீசுவரரின் பெயரும் என் பெயரும் ஒரே பானைக்குள் கிடக்கின்றன. குடவோலை கண்ட நமக்கு அதன் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

குலுக்கலில் ஐந்து முறை தோற்று ஆறாவது முறை பெயர் விழுந்த நாளில், என்னோடு சேர்ந்து ஆடியவர் எழுபது வயதைத் தாண்டிய உள்ளூர் மூதாட்டி. என் பந்து மேலே பறந்து பறந்து காற்றில் சிதற, அவர் முழங்கால் உயரத்துக்கு மேல் பந்தைத் தூக்காமலே உருட்டிக்கொண்டு போய் என்னைவிட ஆறு முறை குறைவாக அடித்து முடித்தார். தூரம் அடிப்பவர்க்கு மட்டும் திறக்கும் திடலில் அந்த அம்மையாருக்கு இடமில்லை. இங்கே கிரீனின் முன்பக்கம் பெரும்பாலும் தரையோடு தரையாகத் திறந்திருக்கிறது. கட்டாயமாகத் தண்ணீரைத் தாண்ட வேண்டிய இடம் முதல் கிரீனுக்கு முன்னால் ஓடும் ஸ்வில்கன் ஓடை ஒன்றுதான். எண்பது வயதிலும் ஆடலாம், எட்டு வயதிலும் ஆடலாம் என்பது பொதுத் திடலின் வடிவமைப்புக்கு முதல் இலக்கணம் என்பேன்.

வல்லுநர்கள் விடையை மனப்பாடம் செய்துவிட்டார்கள் என்பது காற்றில்லாத நாளுக்குப் பொருந்தும். 2015இல் ஒரு சனிக்கிழமை, கிரீனில் வைத்த பந்து காற்றில் தானாக நகர்ந்ததால் ஆட்டத்தையே நிறுத்தி, போட்டியைத் திங்கட்கிழமை முடித்தார்கள்.

லாங் ஐலண்டு வாசி

நியூயார்க்கிலிருந்து ஒரு மாற்றுக் கருத்து. பொதுநிலம் என்றால் அகலமாகவும் இணக்கமாகவும்தான் இருக்கும் என்ற முடிவுக்கு நெய்தல் அவர்கள் விரைந்து வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் பெத்பேஜ் பிளாக் இருக்கிறது. மாநில அரசின் பூங்காவுக்குள் இருக்கும் அரசுத் திடல். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையற்றோருக்கு வேலை கொடுக்கும் திட்டத்தில் உருவாகி 1936இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் டில்லிங்ஹாஸ்ட் என்பது வழக்கு. பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த பர்பெக்குக்கே பெரும்பங்கு உரியது என்று வாதிடுவோரும் உண்டு. முதல் டீயருகே எச்சரிக்கைப் பலகை ஒன்று தொங்குகிறது: இது மிகக் கடினமான திடல், மிகுந்த திறமை உள்ளவர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கிறோம் என்று. ஃபேர்வே ஒடுக்கம், புல் அடர்த்தி, பங்கர்கள் யானைப் பள்ளம் போல. வண்டி கிடையாது, நடந்தே தீர வேண்டும். 2002, 2009 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க ஓபன் அங்கே நடந்தது.

இருந்தும் மக்கள் முதல் நாள் இரவே வாகன நிறுத்தத்துக்கு வந்து காருக்குள் தூங்கி, விடியற்காலை வரிசையில் இடம் பிடிக்கிறார்கள். நானும் இரண்டு இரவுகள் அப்படிக் கிடந்திருக்கிறேன். 117 அடிகளில் சுற்றை முடித்துவிட்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன். தனியார் கிளப்பின் உறுப்பினர் மட்டுமே அனுபவிக்கும் கடுமையை ஒரு குழாய்ப் பணியாளரும் அனுபவிக்கட்டும் என்பதும் ஒருவகைப் பொதுமைதானே?

மேற்குக்காற்று

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பெத்பேஜில் ஐந்து திடல்கள் இருப்பதால் பிளாக் அவ்வளவு கடுமையாக இருக்க முடிகிறது. முடியாதவர் பக்கத்துத் திடலுக்குப் போகலாம். ஓல்டு கோர்ஸ் உருவான காலத்தில் பக்கத்துத் திடல் இல்லை. நியூ கோர்ஸ் என்று இன்றும் அழைக்கப்படும் இரண்டாவது திடலே 1895இல்தான் வந்தது. அதுவரை வல்லவரும் வயோதிகரும் சலவைக்காரரும் ஒரே துண்டு நிலத்தில் காலம் தள்ள வேண்டியிருந்தது.

பொதுமைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மாற்றம் செய்வது எளிதன்று. 2012 இறுதியில் பதினோராம் கிரீனின் ஒரு பகுதியைத் தட்டையாக்கவும் ரோட் பங்கரை அகலப்படுத்தவும் வேலை தொடங்கியபோது உலகெங்கும் வடிவமைப்பாளர்கள் கொதித்தார்கள். வேலை நடந்து முடிந்தது; எனக்கு அதில் இன்றும் உடன்பாடில்லை. பதினோராம் கிரீனின் அந்தச் சரிவுதான் பாபி ஜோன்ஸ் காலத்திலிருந்து அக்குழியின் உயிர். வேகமான புல்லுக்கு ஏற்பச் சரிவைக் குறைப்பதைவிடப் புல்லைச் சற்று மெதுவாக்கியிருக்கலாம். 2023 பிப்ரவரியில் ஸ்வில்கன் பாலத்தடியில், மக்கள் மிதித்துச் சேறான இடத்தில், வட்டமாகக் கல் பாவினார்கள். புறநகர் வீட்டின் கொல்லைத் திண்ணை போலிருக்கிறது என்று ஊரும் உலகமும் சிரிக்க, சில நாட்களிலேயே பெயர்த்தெடுத்துவிட்டார்கள். அந்தப் பாலம் ஆடு மேய்ப்பவர்கள் ஓடையைக் கடக்கப் போட்டது. சேறு அதற்குப் புதிதன்று.

கணக்கர்

கண்ணுக்குத் தெரியாத பங்கர்களைப் பற்றி மட்டும் இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. பன்னிரண்டாம் குழியில் டீயிலிருந்து பார்த்தால் வெறும் புல்வெளி. அதற்குள் ஒளிந்து கிடக்கும் பங்கர்கள் நான்கைந்து. இதையும் பொதுமை என்ற கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

நெய்தல்

எழுதத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பழங்காலத்தில் இந்தத் திடலை இன்றைய திசைக்கு நேர்மாறாகவும் ஆடினார்கள். முதல் டீயிலிருந்து இன்றைய பதினேழாம் கிரீனுக்கு, பதினெட்டாம் டீயிலிருந்து பதினாறாம் கிரீனுக்கு என்று சுற்று போகும். ஒரே தடத்தில் எல்லாரும் மிதித்தால் புல் பிழைக்காது என்பதால் இரு திசைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். ஊர் முழுவதும் ஆடும் நிலத்துக்கு அந்த ஓய்வு தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்கும் ஓல்டு டாம் அதே காரணத்தைத்தான் சொன்னார் என்பது ஊர்வழக்கு. பன்னிரண்டாம் குழியின் பங்கர்கள் அந்த எதிர்த்திசை ஆட்டத்துக்கு எதிரே வெளிப்படையாக நிற்பவை. திசையை மாற்றியபோது அவற்றை மூடாமல் விட்டுவிட்டார்கள். அதனால் முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கின்றன.

ஊர்சுற்றி

அப்படியானால் நான் நடந்தது தவறான திசை. ஒன்றாம் குழியிலிருந்து வரிசையாகத்தான் போனேன்.

நெய்தல்

தவறில்லை, பாதிதான் பார்த்தீர்கள். அடுத்த முறை ஞாயிற்றுக்கிழமையே போங்கள். முதல் டீயில் நின்று, முதல் கிரீனைப் பார்க்காமல் பதினேழாம் கிரீனை நோக்கி நடக்கத் தொடங்குங்கள். பன்னிரண்டாம் கிரீனுக்கு வந்ததும் டீயிருக்கும் பக்கம் திரும்பி நில்லுங்கள். அந்தப் பங்கர்கள் வாயைத் திறந்துகொண்டு எதிரே தெரியும். காற்றுக்குத் தலையை மூடிக்கொள்ள ஏதாவது எடுத்துச் செல்லுங்கள். அந்த முனையில் ஜூன் மாதத்திலும் குளிரும்.